மஞ்சள் பையோடு தரங்கம்பாடிக்கு

கடற்கரையில் இரண்டு நாள் நிம்மதியாக இருந்துவிட்டு வர என்னென்ன எடுத்துப் போகலாம் என்று யாராவது என்னிடம் யோசனை கேட்டால், அவர்கள் என்னைப் பற்றி எதுவுமே கேள்விப்படாதவர்கள் என்று அர்த்தம். குடவாசலில் எங்கள் தெருவில் அப்படி ஒருவரும் கிடையாது.

என் கணவர் ரவிக்கு சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டர் வேலை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். வந்தால் நடவு, மோட்டார் ரிப்பேர், சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து என்று லீவு கரைந்துவிடும். நாங்கள் இருவர் மட்டும் தனியாக வெளியூர் போனோம் என்றால் அது ஆஸ்பத்திரிக்காகத்தான் இருக்கும். அந்த முறை அவரே தரங்கம்பாடிக்குப் போகலாம் என்று ஆரம்பித்தார். அவர் சிங்கப்பூருக்குக் கிளம்ப ஒரு வாரம்தான் இருந்தது. பிள்ளைகளை அவருடைய அக்கா மல்லிகா அண்ணியிடம் விட்டுவிட்டு, இரண்டு நாள் எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதுதான் அவருடைய திட்டம்.

எதுவும் செய்யாமல் இருப்பதற்கு நான் ஏற்பாடு செய்யத் தொடங்கினேன்.

அந்தச் சமயத்தில் எனக்கு ஒரு ஞானம் பிறந்திருந்தது. போனில் ஒரு பெண் கடலோரமாக நின்றுகொண்டு, பிளாஸ்டிக்கே இல்லாமல் எப்படிச் சுற்றுலா போவது என்று சிரித்தபடியே சொல்லிக்கொடுக்கும் வீடியோக்களை வரிசையாகப் பார்த்திருந்தேன். (அந்தப் பெண் சிரித்துக்கொண்டே இருந்ததற்குக் காரணம், அவள் எங்கள் ரூட் பஸ்ஸில் ஏறியதில்லை.) பிரஷ் வேண்டாம், வேப்பங்குச்சி. சோப்பு வேண்டாம், பயத்தமாவு. உடம்பு தேய்க்கப் பீர்க்கங்கூடு. வெயிலுக்குப் பூச கஸ்தூரி மஞ்சள், சந்தனம், கற்றாழை, தேங்காய் எண்ணெய் எல்லாம் போட்டு நானே ஒரு களிம்பு அரைத்து எவர்சில்வர் டப்பாவில் அடைத்தேன். அதை யார் மேலேயும் பூசிப் பார்க்கவில்லை. கடற்கரையில் போய் இவர் மேல் பூசிப் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

சூட்கேஸும் பிளாஸ்டிக்தானே? அதைப் பரணுக்கு அனுப்பிவிட்டு எல்லாவற்றையும் மஞ்சள் துணிப்பைகளில் பிரித்து வைத்தேன். மல்லிகா அண்ணி வந்து பார்த்துவிட்டு, பெட்டியில் போட்டுப் பூட்டிக்கொண்டு போகச் சொன்னார். சுற்றுச்சூழலைப் பற்றி அவருக்குக் கொஞ்சம் எடுத்துச் சொன்னேன். அவர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

இவருக்கு ஒரு வழக்கம். பாஸ்போர்ட்டைப் பூட்டிய வீட்டில் விட்டுவிட்டு எங்கேயும் போகமாட்டார். ஜிப் வைத்த ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தோள்பையில் வைத்திருப்பார். கிளம்பும் அவசரத்தில் அந்த உறை என் கண்ணில் பட்டது. பிளாஸ்டிக். பாஸ்போர்ட்டை வெளியே எடுத்து, ஒரு கதர்த் துண்டில் சுற்றி மஞ்சள் பையில் வைத்துவிட்டு, உறையைக் கடாசினேன். அதே பையில்தான் களிம்பு டப்பாவும், கடலில் குளிக்க அவர் சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்திருந்த அரை டவுசரும் இருந்தன. டவுசர் நீல நிறம், அதன் மேல் ஆரஞ்சு நிறத்தில் கிளிகள்.

காரில் போகலாம் என்றார். புகை என்றேன். பஸ்ஸில் போனோம்.

மயிலாடுதுறையில், அதாவது எங்கள் வாயில் மாயவரத்தில், பஸ் மாறினோம். இவருக்குப் பஸ்ஸின் பின்பக்கம் இடம் கிடைத்தது. உட்கார்ந்ததும் தூங்கிவிட்டார். எனக்கு முன்பக்கம் இடம். என் பைகளை டிரைவர் பக்கத்து மேடையில் வைத்தேன். என்னோடு ஏறிய ஒரு அம்மாவும் தன் பையை அங்கேயே வைத்துவிட்டு என் அருகில் உட்கார்ந்தார். அதுவும் மஞ்சள் பைதான். எனக்கு ஒரே சந்தோஷம். உங்களைப் போல எல்லாரும் இருந்துவிட்டால் கடலில் ஒரு ஆமைகூடச் சாகாது என்று ஆரம்பித்தேன். செம்பனார்கோயில் தாண்டியும் நிறுத்தவில்லை. அந்த அம்மா இரண்டு மூன்று முறை ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் விடவில்லை. தரங்கம்பாடியில் அவர் அவசரமாக ஒரு பையை எடுத்துக்கொண்டு முதலில் இறங்கிவிட்டார். அவர் பெயர் என்ன, எந்தத் தெரு, எதற்காக மாயவரம் போய் வருகிறார் என்று எதுவுமே நான் கேட்டிருக்கவில்லை.

தங்கும் அறைக்குப் போனதும் இவர் உற்சாகமாகப் பையைத் திறந்தார். உள்ளேயிருந்து ராணிக் கலரில் ஒரு பட்டுப்புடவை வந்தது. பிறகு முத்து வைத்துத் தைத்த ஒரு ஜாக்கெட். பிறகு ஒரு டஜன் கண்ணாடி வளையல்.

"என் டவுசர் எங்க?" என்றார்.

எனக்கு அப்போது டவுசர் ஞாபகம் வரவில்லை. அவர் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். பை மாறிவிட்டது, போனால் போகிறது, டவுசர்தானே என்றார். பாஸ்போர்ட்டும் அதில்தான் இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். அவர் தோள்பையைத் திறந்து பார்த்தார். மூடினார். மறுபடியும் திறந்து பார்த்தார். கட்டிலில் உட்கார்ந்தார்.

அவர் கத்தியிருந்தால் பரவாயில்லை. "உறை தண்ணி படாம இருக்கத்தான் கலா வச்சிருந்தேன்" என்று மெதுவாகச் சொன்னார். அவ்வளவுதான். அடுத்த வாரம் அவர் போய் இறங்காவிட்டால் அந்த வேலைக்கு வேறு ஆள் போட்டுவிடுவார்கள் என்பது இருவருக்கும் தெரியும். கடலில் ஆமைகள் நன்றாக இருந்தன. நாங்கள்தான் இல்லை.

பையோடு பஸ் நிற்கும் இடத்துக்கு ஓடினோம். நாங்கள் வந்த பஸ் போய்விட்டிருந்தது. டீக்கடையில் விசாரித்தோம். மஞ்சள் பையோடு ஒரு அம்மா என்றால், எந்த அம்மா என்று கேட்டார்கள். அதுவும் நியாயம்தான். கடை ஓரமாகப் போய் நின்றோம். பக்கத்தில் வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் எங்களைப் போலவே வியர்த்து வழிந்தபடி, வருகிற பஸ்ஸையெல்லாம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் மூவரும் ஒரே தவிப்பில் பக்கத்துப் பக்கத்தில் நின்றோம். கடைசியில் அவர் இவரிடம் திரும்பினார்.

"சார், சிங்கப்பூர்ல வேலை பாக்கறவரு ஒருத்தர பாத்தீங்களா? சுருட்டை முடி, அடர்த்தியா இருக்கும். கூட ஒரு அம்மா. அவங்க பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாங்களாம்."

இவர் கவலையோடு, அப்படி யாரையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டார்.

அவர் மேலும் தப்பில்லை. பாஸ்போர்ட் எடுத்தபோது இருந்த முடி சிங்கப்பூர்த் தண்ணீரில் எப்போதோ போய்விட்டது. நானோ பிறந்ததிலிருந்து முதல்முறையாக வாயை மூடிக்கொண்டு நின்றேன். அடையாளம் சொல்ல எங்கள் இரண்டு பேரிடமும் ஒன்றும் மிச்சமில்லை.

எனக்குத்தான் முதலில் உறைத்தது. "அவரு இவருதாங்க" என்றேன். வேட்டிக்காரர் இவருடைய தலையை நம்பாமல் பார்த்தார். நான் பையிலிருந்து புடவையின் முந்தானையை இழுத்துக் காட்டினேன். அவர் அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டார். பாஸ்போர்ட் பத்திரமாகச் சாமி படத்துக்குக் கீழே இருக்கிறது என்று அவர் சொன்னபோது என் கணவர் திரும்பி நின்றுகொண்டு முகத்தைத் துடைத்தார். (வியர்வை என்று இன்றும் சொல்கிறார்.)

அவர் பெயர் கலியமூர்த்தி. விசைப்படகில் வேலை. பஸ்ஸில் என் பக்கத்தில் மாட்டிக்கொண்ட அம்மா அவருடைய மனைவி செல்வி. அன்று சாயங்காலம் அவர்கள் மகளுக்கு நிச்சயதார்த்தம். தையல்காரர் கடைசி நேரம்வரை இழுத்தடித்ததால், செல்வி அக்காவே மாயவரம் போய்ப் புடவையையும் ஜாக்கெட்டையும் வாங்கி வந்திருக்கிறார். வாங்கி வந்த அலுப்பில் பையை வீட்டுப் பெண்களிடம் கொடுத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

எங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகும் வழியிலேயே கலியமூர்த்தி தயங்கித் தயங்கி இன்னொரு விஷயத்தையும் சொன்னார். பையைத் திறந்த பெண்களுக்கு முதலில் என் எவர்சில்வர் டப்பாதான் கிடைத்திருக்கிறது. சந்தனமும் மஞ்சளும் மணத்ததால் நலங்குக்கு வாங்கி வந்தது என்று நினைத்துப் பெண்ணின் முகம், கை, கழுத்து எல்லாம் பூசிவிட்டார்கள். வண்டியை இன்னும் வேகமாக ஓட்டச் சொன்னேன். அடுத்தபடியாகக் கைக்கு வந்தது டவுசர். அதை விரித்துப் பிடித்தது, முன்கூட்டியே வந்திருந்த மாப்பிள்ளையின் அத்தை. மாப்பிள்ளைக்கு எடுத்ததா, இடுப்பு பெரிதாக இருக்கிறதே என்று கேட்டாராம்.

அங்கேதான் செல்வி அக்காவுக்கு வாய் தவறிவிட்டது. யாரோ ஒரு ஆம்பளையின் டவுசர் கல்யாணப் பெண்ணின் பையில் எப்படி வந்தது என்று சபையில் விளக்க முடியுமா? பாஸ்போர்ட்டையும் பார்த்திருந்தாரா, சட்டென்று, அது சிங்கப்பூரிலிருந்து வந்திருக்கும் தன் தம்பியுடையது, பெண்ணுக்குத் தாய்மாமன், கடைத்தெரு வரைக்கும் போயிருக்கிறான் என்று சொல்லிவிட்டார். செல்வி அக்காவுக்குக் கூடப்பிறந்த ஆண்பிள்ளை யாருமே கிடையாது.

"கொஞ்ச நேரம் மட்டும் தம்பியா உக்காந்துட்டுப் போயிருங்க சார்" என்றார் கலியமூர்த்தி. பாஸ்போர்ட் திரும்பக் கிடைத்த மனுஷன் அந்த நிமிடத்தில் யாருக்கு யாராக வேண்டுமானாலும் உட்கார்ந்திருப்பார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் செல்வி அக்கா, "வாடா தம்பி" என்றார். நாற்காலியைத் துடைத்துப் போட்டு உட்காரச் சொன்னார். பாஸ்போர்ட்டைத் துண்டோடு கையில் கொடுத்தார். நான் பெண்ணைத் தேடி ஓடினேன். பெண் கண்ணாடி முன்னால் மஞ்சள் வழிய உட்கார்ந்திருந்தாள். எரிகிறதா, அரிக்கிறதா என்று கேட்டேன். குளுகுளுவென்று இருக்கிறது என்றாள். கழுவிய பிறகும் நான் விடவில்லை. நிச்சயம் முடியும்வரை அவளுடைய கன்னத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கொப்புளம்கூட வரவில்லை. முகம் பளிச்சென்று இருந்தது. மாப்பிள்ளையின் அத்தை என்னிடம் அந்தக் களிம்பின் பக்குவம் கேட்டார். (எத்தனை பங்கு எது போட்டேன் என்று எனக்கே தெரியாது. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.)

இவரைச் சபையில் முன்வரிசையில் உட்காரவைத்து, சந்தனம் கொடுத்து, மாலை போட்டார்கள். தட்டு மாற்றும்போது பெண் வீட்டார் சார்பில் இவரும் தட்டில் கை வைத்தார். முதலில் விறைப்பாகத்தான் இருந்தார். பெண் வந்து மாமா என்று காலில் விழுந்து கும்பிட்டதும் என்னவோ ஆகிவிட்டது. கையிலிருந்த மோதிரத்தைக் கழற்றி அவளுக்குப் போட்டுவிட்டார். அது என் பிறந்த வீட்டில் அவருக்குப் போட்ட கல்யாண மோதிரம். அன்றைக்கு எனக்குப் பேசும் உரிமை இல்லை.

மறுநாளும் அவர்கள் எங்களை விடவில்லை. வஞ்சிர மீன் குழம்பு, நண்டு வறுவல், மதியம் வேப்பமரத்தடியில் கட்டில் போட்டுத் தூக்கம். கல்யாணம் ஆனதிலிருந்து இவர் பகலில் அப்படிக் குறட்டை விட்டு நான் பார்த்ததில்லை.

கல்யாணத்துக்கு அழைப்பிதழ் வந்தது. தாய்மாமன் என்ற இடத்தில் இவர் பெயர். லீவு கிடைக்கவில்லை. நான் போய் மாமன் சீர் செய்துவிட்டு வந்தேன். அதன் பிறகு செல்வி அக்கா சம்பந்தி வீட்டாரிடம் உண்மையைச் சொல்லிவிட்டார். அந்த அத்தைக்கு அன்றைக்கே சந்தேகம்தானாம். கூடப்பிறந்த தம்பியை யாராவது வீட்டுக்குள் வந்ததும் நாற்காலியைத் துடைத்துப் போட்டு உட்காரச் சொல்வார்களா என்று கேட்டாராம்.

இப்போது இவர் லீவில் வந்தால் முதல் போன் தரங்கம்பாடியிலிருந்துதான் வருகிறது. தீபாவளிக்குக் கருவாடும் பொங்கலுக்கு இறாலும் வருகின்றன. மல்லிகா அண்ணி அவற்றை ஒரு முறைகூட வேண்டாம் என்று சொன்னதில்லை. ஆனால் தன் தம்பிக்குப் புதிதாக வந்த அக்காவின் பார்சலைப் பிரிக்கும்போதெல்லாம், வீட்டில் யார் இருந்தாலும் அவர்களைப் பார்த்து இதை மட்டும் சொல்லிவிடுவார்:

"எங்க அப்பா ரொம்ப நல்லவரு. இந்த அக்கா வந்ததுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."