பூமியைத் தோற்கடித்த அண்ணன்

ஒரு நாள் என் தையல் கடையில் குண்டூசி டப்பா கவிழ்ந்து பாய் முழுக்க ஊசியாகிவிட்டது. பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டு அளவு கொடுக்க வரும் நேரம். எனக்கோ பார்வை மங்கல். பக்கத்துக் கடையில் ஸ்பீக்கர் ரிப்பேர் பார்க்கும் அண்ணன் வந்தார். பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தை நூலில் கட்டிப் பாய்மேல் இழுத்தார், ஊசிகளை டப்பாவில் போட்டார், போய்விட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை.

அவர் பேசாமல் இருந்தது அந்த ஒரு நாள்தான்.

மறுநாளே விளக்க வந்துவிட்டார். ஆமாம், நான் சொல்ல வந்தது விளக்கக்காரர்கள் என்னும் இனத்தைப் பற்றி. புழுக்கமாக இருக்கிறது, ஃபேனைப் போடுங்கள் என்று இவர்களிடம் சொல்லிப் பாருங்கள். குளிர்ச்சி காற்றில் இல்லை, வியர்வை காய்வதில்தான் இருக்கிறது என்று வெகுநேரம் விளக்கிவிட்டு, ஃபேனைப் போடாமலே எழுந்து போவார்கள். இந்த இனம் யாரைத் தேடிப் பிடிக்கும் தெரியுமா? பதில் பேச முடியாதவர்களை. முகமெல்லாம் சோப்பு நுரையோடு சவரத்துக்கு உட்கார்ந்தவர், பல் வைத்தியரிடம் வாயைப் பிளந்தவர், வாயில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டு துணியை மடித்துக் குத்தும் என்னைப் போன்ற தையல்காரி. நாம் 'ம்' என்றால் போதும். மேலே சொல்லுங்கள் என்று அர்த்தம்.

அண்ணனுக்கு வாய்த்த விஷயம் புவியீர்ப்பு. அதன்மேல் அவருக்கு அப்படி ஓர் இளக்காரம். மேசையில் ஓர் ஊசியை வைத்து, காந்தத்தை மேலே காட்டுவார். ஊசி தாவும்.

"பாத்தியா தங்கச்சி? கீழேருந்து மொத்தப் பூமியும் இழுக்குது. மலை, கடல் எல்லாம் சேந்து இழுக்குது. மேல இத்தனூண்டு காந்தம். ஜெயிச்சது யாரு?"

உலகத்தை இயக்கும் அடிப்படை விசைகள் நாலாம். அதில் கடைசி பெஞ்சு இதுதானாம். அணுவுக்குள்ளே இருக்கும் மின்சார இழுப்போடு ஒப்பிட்டால், ஒன்றுக்குப் பின்னால் முப்பத்தாறு சைபர் போட்டு அத்தனை மடங்கு சோப்ளாங்கியாம். பிறகு ஏன் நிலா ஓடிப் போகவில்லை? மின்சார இழுப்பு கூட்டலும் கழித்தலுமாகத் தனக்குள்ளேயே சமமாகிவிடும், இது ஒன்றுதான் கழியாமல் சேர்ந்துகொண்டே போகும் என்பார். சரி, இது மட்டும் ஏன் இவ்வளவு பலவீனம்? அதற்குத்தான் தினம் ஒரு பதில். கண்ணுக்குத் தெரியாத வேறு திசைகளில் ஒழுகிப் போகிறது என்று திங்கள்கிழமை அடித்துச் சொன்னவர், வியாழக்கிழமை அதையே மறுத்தார். படித்த பெரியவர்களே இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்களாம். ஆனால் 'தெரியாது' என்ற சொல் இந்த இனத்தின் வாயில் வராது.

ஒரு தடவை வாயிலிருந்த ஊசிகளை எடுத்து வைத்துவிட்டு என் மனதில் பட்டதைச் சொன்னேன். பூமியும் காந்தம்போல் இழுத்தால், கும்பிடக் குனிந்த நெற்றியைத் திரும்ப நிமிர்த்துவது எப்படி? கடவுள் இரக்கப்பட்டுத்தான் நம்மை மெல்லப் பிடித்திருக்கிறார். அண்ணன் சிரித்த சிரிப்பில் எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

மதியம் அண்ணி சாப்பாட்டுக் கேரியரோடு வருவார். அண்ணன் வாசலை அடைத்துக்கொண்டு யாருக்காவது விளக்கிக்கொண்டிருப்பார். முடியும்வரை அண்ணி நிற்பார். ஒரு நாள் அண்ணியையே உதாரணமாக்கிவிட்டார்.

"இந்தா, இவளையே பாருங்க. அந்தக் கேரியரை மொத்தப் பூமியும் இழுக்குது. இவ ஒருத்தி தூக்கிட்டு நிக்கிறா. ஜெயிச்சது யாரு?"

"கை வலிக்குதுங்க," என்றார் அண்ணி.

"அதுக்குக் காரணம் பூமி இல்ல. தசை இருக்கு பாரு, அது..."

அண்ணி கேரியரைப் படியில் வைத்தார். நடந்தார். வீட்டுக்குப் போகவில்லை, தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார்.

அவர் ஏன் போனார் என்று அண்ணன் எனக்கு விளக்கினார். வெயில், வயசு, அக்காக்காரியின் போதனை. பேசிக்கொண்டே காந்தத்தை மேசையில் உருட்டினார். ஊசி தாவி ஒட்டியது. அவர் பார்க்கவில்லை. பிறகு அவர்களுடைய மகள் வந்து, அம்மா இனி வரமாட்டார், அங்கேயே இருந்துவிடுவதாகச் சொல்கிறார் என்றாள். உன் அண்ணி வராவிட்டால் நான் அங்கே போகிறேன் என்று கடையைக் காலி செய்துவிட்டு, கையில் பையோடு விடைபெற வந்தார்.

அவர் சொன்னதைச் சொல்லுமுன் உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும். முப்பத்தாறு சைபர் என்று படித்ததும், அது எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்தது என்று உங்கள் நாக்கு துருதுருத்ததா? அதைச் சொல்ல ஆள் தேடிக் கண் அலைந்ததா? கவலைப்படாதீர்கள், ஆள் கிடைக்கும். கிடைத்தவர் கையில் பாரம் ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் காந்தத்தை என் மேசையில் வைத்தார். நான் வாயிலிருந்த ஊசிகளை எடுத்துவிட்டு, அண்ணியிடம் போய் என்ன விளக்கப் போகிறீர்கள் என்று கேட்டேன். வழக்கம்போல் விரலைத் தூக்கினார். மெல்ல இறக்கினார்.

"எந்தக் கை வலிக்குதுன்னு நான் கேக்கவே இல்லையே, தங்கச்சி."