கம்பளிக்குள் அதிகாரி

அரைகுறையாகத் தெரிந்தவன் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஊர் அவனை அறிவாளி என்றே நினைத்துக்கொள்ளும். இந்த எளிய வசதியை நான் ஒருநாளும் பயன்படுத்திக்கொண்டதில்லை.

எட்டாம் வகுப்பை நடுவில் விட்டுவிட்டுத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கிளம்பியவன் நான். சோலாப்பூரில் இட்லிக் கடை, சூரத்தில் தறி, ஐரோலியில் கம்பி வேலிக்குப் பெயின்ட் என்று பல வேலை பார்த்தேன். எங்கும் தங்கவில்லை. கையிருப்பு தீர்ந்ததும் பம்பாய் செம்பூரில் பேச்சியக்கா வீட்டுக்கு வந்து படுத்துக்கொள்வேன். குடிசைகளை இடித்துவிட்டு, அங்கே இருந்தவர்களுக்குக் கட்டிக்கொடுத்த ஏழு மாடிக் கட்டடம். அக்காவுக்குக் கிடைத்தது உச்சி மாடியில் ஒரே அறை. புருஷன் போய்விட்டார். ஒரு மகள். நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துப் பிழைப்பு. (அந்த அறையில் மூன்றாவது ஆளுக்கு இடமில்லை என்பது எனக்கு மட்டும் தெரியாது.)

அந்த அறைக்கு நேர் மேலே, மொட்டை மாடியில், ஒரு செல்போன் டவர் முளைத்தது. உச்சி மாடிக்காரர்களிடம் சம்மதம் கேட்டிருக்க வேண்டுமாம். யாரும் கேட்கவில்லை. கட்டடம் முழுக்கக் கதிர்வீச்சுப் பயம் பரவியது. ஒருவருக்குத் தூக்கம் வரவில்லை, ஒருவருக்குத் தலைசுற்றல். அக்காவுக்குத் தலைவலி. அது டவரால் வந்ததா, நாள் முழுக்கக் குனிந்து பாத்திரம் தேய்த்ததால் வந்ததா என்று எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. ஆனால் அவளுடைய கட்டிலுக்கு நேர் மேலே கூரையில் விரிசல் விட்டிருந்தது. அது எனக்கே தெரிந்தது.

கட்டடத்தாரின் மனுவோடு மாநகராட்சி வார்டு ஆபீசுக்கு நடையாய் நடந்து, ஓர் அதிகாரியை நேரில் வந்து பார்க்கச் சம்மதிக்க வைத்தாள் அக்கா. அவள் கேட்டது ரொம்பச் சின்ன விஷயம். வீட்டுக்குள் மீட்டர் வைத்து அளக்க வேண்டும், அந்த விரிசலை அண்ணாந்து பார்க்க வேண்டும்.

நான் சிரித்தேன். "விரிசலா? பம்பாய்ல விரிசல் இல்லாத கூரை எங்க இருக்கு? கதிர்வீச்ச கண்ணால காட்டணும்க்கா. அப்பதான் ஆபீசருக்கு வயித்தக் கலக்கும்."

"நீ ஒண்ணையும் காட்டாண்டாம்ல. சும்மா கெட. அதுவே பெரிய ஒத்தாச."

எனக்கு ஓர் அபூர்வ ஞானம் இருந்தது. ஐரோலியில் உயர் அழுத்த மின்கம்பிகளுக்கு அடியில் ட்யூப் லைட்டைப் பிடித்தால், ஒயர் இல்லாமலே அது எரிவதை ஒருமுறை பார்த்திருக்கிறேன். கம்பிக்கே எரிகிறதென்றால் டவருக்கு எரியாதா? இதுதான் என் விஞ்ஞானம். (அக்கா என்னை ட்யூப் லைட் என்று திட்டுவது இதற்கெல்லாம் முன்பிருந்தே உண்டு.)

அதிகாரி வந்தார். அமைதியான மராத்திக்காரர், தோளில் மீட்டர் பை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அக்கா காத்திருந்தாள். நான் படிக்கட்டிலேயே அவரை மடக்கினேன். "சாப், பஹ்லே ஊப்பர்!", முதலில் மேலே வாங்க என்று கையைப் பிடித்து மொட்டை மாடிக்கு இழுத்துப் போய்விட்டேன். கட்டடமே பின்னால் ஏறியது. அங்கே ஒரு மூலையில் மெக்கானிக் ஒருவர் ஏதோ பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரை யாரும் ஓர் ஆளாகவே மதிக்கவில்லை.

பட்டப்பகலில் வெளிச்சம் எப்படித் தெரியும்? அதற்கும் வழி வைத்திருந்தேன். அக்காவின் கம்பளியை எடுத்து, ட்யூப் லைட்டையும் என்னையும் அதிகாரியையும் சேர்த்து மூடிக்கொண்டேன். அரசாங்க அதிகாரியோடு ஒரே கம்பளிக்குள் நின்றவன் எங்கள் வம்சத்தில் நான் ஒருவன்தான்.

"குச் திக்தா நஹி," என்றார். ஒன்றும் தெரியவில்லையாம்.

"தெரியும் சாப், தெரியும்," என்று ட்யூபை மேலும் கீழும் ஆட்டினேன். அது கம்பளியில் உரசியது. இருட்டுக்குள் மின்மினி போல வெளிச்சம் ஓடி மறைந்தது.

"அரே!" என்றார் அதிகாரி.

"எரியுது! எரியுது!" என்று நான் கத்த, வெளியே யாரோ பிள்ளையார் ஊர்வலம் மாதிரி "கணபதி பப்பா!" என்று ஆரம்பிக்க, மொத்தக் கூட்டமும் "மோர்யா!" என்றது. கம்பளியை விலக்கி, தேர்தலில் ஜெயித்தவன் மாதிரி நின்றேன்.

மூலையிலிருந்து மெக்கானிக் மெதுவாகச் சொன்னார்: "சாப், டவர் தோ சுபஹ் சே பந்த் ஹை."

டவர் காலையிலிருந்தே ஓடவில்லை. பேட்டரி மாற்றுகிறார்களாம்.

முடியெல்லாம் கம்பளி நூலாக நின்ற அதிகாரி என்னைப் பார்த்தார். மறுபடி கம்பளிக்குள் தலையை விட்டு, கையால் ட்யூபின் மேல் கம்பளியைத் தேய்க்கச் சொன்னார். மினுங்கியது. படிக்கட்டு இருட்டுக்குப் போய்த் தேய்க்கச் சொன்னார். அங்கே இன்னும் நன்றாக மினுங்கியது.

"இது டவர் இல்லை தம்பி, கம்பளி," என்றார் இந்தியில். "இதைத்தான் நீங்கள் எல்லாரும் வியாதி என்று எழுதிக் கொடுத்தீர்களா?"

அக்கா முன்னால் வந்தாள். "சாப், மேரா கமரா... என் ரூமு சாப், ஒரு நிமிசம், மேல மட்டும் பாத்துட்டுப் போங்க..."

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது. இரண்டு கைகளையும் தூக்கிக் கும்பிட்டேன். ட்யூப் லைட்டைப் பிடித்திருந்ததும் அதே கைகள்தாம்.

வெடிகுண்டுச் சத்தம். அதிகாரியின் காலடி முழுக்கக் கண்ணாடி. அவர் இறங்கிப் போனார், மீட்டரைப் பையிலிருந்து எடுக்காமலே.

அக்கா திட்டவில்லை. துடைப்பத்தை எடுத்து வந்து கண்ணாடியைக் கூட்டினாள். "செருப்புப் போட்டுக்க. கால்ல குத்திறப் போவுது," என்றாள். அதைவிட அவள் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

மழைக்காலம் வந்தது. ஒரு விடியற்காலை, தண்ணீர் பிடிக்க அக்கா எழுந்து போன நேரத்தில், கூரை பெயர்ந்து அவள் தலையணைமேல் விழுந்தது. நல்லவேளையாக மகள் அன்று தோழி வீட்டில் இருந்தாள். வாசலில் படுத்திருந்த நான் சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பார்த்தேன். தலையணையில் தலை பதிந்த பள்ளத்தில் சிமெண்ட் கட்டி உட்கார்ந்திருந்தது.

அக்கா அதைச் சாப்பாட்டு டப்பாவில் போட்டு மூடி, வார்டு ஆபீசுக்குக் கொண்டுபோய், அதே அதிகாரியின் மேசைமேல் திறந்து வைத்தாள். அவர் அன்றே வந்தார். அண்ணாந்து பார்த்தார். டவரின் பாரம் தாங்காத கூரை என்று எழுதினார். டவர் இறங்கியது. கதிர்வீச்சை யாரும் கடைசிவரை அளக்கவே இல்லை.

போகும்போது, "அந்தக் கம்பளிக்காரர் எங்கே?" என்று கேட்டாராம்.

"ஊருக்குப் போயிட்டான் சாப்," என்றாளாம் அக்கா. நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது அக்கா மகளுக்குக் கல்யாணமாகிவிட்டது. மாப்பிள்ளை முதல்முறை விருந்துக்கு வந்தபோது, காபிக்கு முன்னாலேயே இந்தக் கதைதான் பரிமாறப்பட்டது. வீட்டில் கரண்ட் போனால், "மாமா, கம்பளிய எடுங்க!" என்று அவரே இப்போது குரல் கொடுக்கிறார். எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். சிரிப்பு அடங்கும்போது என் கண் தானாக மேலே போகும். பூசிய இடம் மட்டும் வேறு நிறம். அக்கா கட்டிலை இன்னும் நகர்த்தவில்லை. நகர்த்த இடமும் இல்லை.

"என்னல மேலயே பாக்க?" என்பாள் அக்கா. "எரியுதா?"