மானே கம்பவுண்டர்

சூரியன் உதித்துவிட்டது என்பதற்காக விடிந்துவிட்டதாக ஒப்புக்கொள்ளாத ஒரே மனிதர், உத்திரமேரூரில் எங்கள் மானே கம்பவுண்டர்தான். எண்பதுகளின் தொடக்கத்தில் நான் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்த கிளினிக்கில் மருந்து கலக்கியவர். பெற்றோர் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

'மானே' என்பது லத்தீன் சொல். 'காலையில்' என்று அர்த்தம். டாக்டர்கள் மருந்துச் சீட்டில் எழுதுவது. சீட்டோடு விட்டிருக்கலாம், மனிதர் விடவில்லை. டீக்கடை பாயிடம் "மானே டீ ஒண்ணு" என்பார். மகள் கல்யாணப் பத்திரிகையில் 'மானே ஆறு மணிக்கு மேல்' என்று அச்சடித்துவிட, அது எந்த ஊர் மண்டபம் என்று சம்பந்தி வீட்டார் ஆளனுப்பிக் கேட்டார்கள்.

"காலைன்னே சொல்லக் கூடாதா?" என்றேன்.

"காலைன்னா கடியாரத்தப் பாப்பான். மானேன்னா ஒடம்பு ஏந்துக்கிற நேரம். ஆளுக்கு ஆளு மாறும்."

லத்தீன்காரன் கேட்டால் அடிக்க வருவான். ஆனால் இவர் விசாரிக்காமல் யாருக்கும் மருந்து தரமாட்டார்.

"நீ எப்போ ஏந்துக்கிற?"

"மோட்டாருக்குக் கரண்ட் வந்தா ஏந்துப்பேன் சார்" என்றார் திருப்புலிவனத்து விவசாயி.

"அப்போ உன் மானே ஈபிக்காரன் கையில கீது. கரண்ட் வந்ததும் முழுங்கு!"

காவாந்தண்டலம் பச்சையம்மாளிடம்தான் இந்த வித்தை பலிக்கவில்லை. அவளுக்குக் காசநோய், இரண்டு சின்னப் பிள்ளைகள். வெறும் வயிற்றில் மாத்திரை போட்டு, ஒரு மணி நேரம் கழித்துத்தான் சாப்பிட வேண்டும். இருமல் குறைந்ததும் அவள் மாத்திரையை நிறுத்திவிட்டாள். நிறுத்தினால் நோய் திரும்பும், அப்புறம் பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் கத்தினார்.

"விடியறப்போ நடவுல நிக்கணும் சார். கூழு குடிக்காம எப்டிப் போறது? மாத்திரைக்கி நேரம் ஏது?"

கம்பவுண்டர் யோசித்தார். "உன் மானேவ நானே இட்டாறேன்."

மறுநாளிலிருந்து, கூழ் குடிக்கும் நேரத்துக்கு ஒரு மணி முன்னதாக, அவள் தெருவில் சைக்கிள் மணி அடித்தது. கூடவே, "மானே!" என்ற கூச்சல். மழையிலும் வந்தார். நாய்கள் துரத்தியும் வந்தார்.

"இன்னா பேஜார்யா இது!" என்று தெருவே திட்டிக்கொண்டு எழுந்தது. பச்சையம்மாளும் எழுந்தாள். அவர் கண்ணெதிரே மாத்திரையை விழுங்கினாள். இப்படியே மாதங்கள் போயின.

ஒருநாள் டாக்டர் அவளுடைய எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "சுத்தமா சரியாயிடுச்சு. இனிமே மாத்திரை வேண்டாம்" என்றார்.

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. நேராகக் கம்பவுண்டரிடம் வந்தாள். "நாளைலேந்து மானேவுக்கு இன்னா சார் சாப்புடணும்?"

அவர் கலக்கிக்கொண்டிருந்த மருந்தைக் கீழே வைத்தார்.

"நாஷ்டா சாப்புடும்மா. ஏந்த ஒடனே, வயிறு நெறைய சாப்புடு."

சொல்லிவிட்டு, சுத்தமாகவே இருந்த மருந்துக் குப்பியை எடுத்து வேட்டி நுனியால் துடைக்க ஆரம்பித்தார். அன்றிலிருந்து அவரைக் கிண்டல் செய்ய, என்னைத் தவிர வேறு யாரையும் நான் விட்டதில்லை.