உலர்ந்த கைகளின் மன்றம்

மற்ற நாடுகள் இரண்டாயிரம் ஆண்டுகளில் யோசித்ததை முப்பதே ஆண்டுகளில் யோசித்து முடித்த நாடு ஒன்று இருந்தது. அதன் மன்றத்தில் மாறாத வழக்கம் ஒன்றுதான்: ஈரக் கையோடு யாரும் பேசக் கூடாது.

மன்றத்துக்குத் தண்ணீர் சுமந்தவள் காத்தாயி. கிணற்றில் ஒரு படி உடைந்துவிட்டதைச் சொல்ல, குடத்தோடு வாசலில் நின்றாள்.

அது அறிஞர்கள் ஆண்ட காலம். "யோசிக்க ஓய்வு வேண்டும். ஈரக் கைக்கு ஏது ஓய்வு?" என்றார் தலைவர். யோசித்து யோசித்து அவர்களுக்குத் தாகம் கூடியது. பத்துக் குடம் இருபதானது.

அடுத்து கடவுளின் பிரதிநிதிகள் வந்தார்கள். "ஈரக் கையைப் படைத்தவனும் அவனே" என்றார்கள். அபிஷேகத்துக்கு இன்னும் இருபது குடம். அதற்குள் மூன்று படிகள் போயிருந்தன.

பிறகு ஒப்பந்தம் பேசியவர்கள். "இந்த ஆட்சிக்கு எல்லோரும் சம்மதித்திருக்கிறோம்."

"நான் எப்ப சாமி சம்மதிச்சேன்?"

"இந்த நாட்டுத் தண்ணீரைக் குடித்தாயே, அதுதான் சம்மதம்."

"அது நான் எறச்ச தண்ணிங்க."

கை ஈரமாக இருந்ததால் இந்தப் பதில் குறிப்பில் ஏறவில்லை.

கடைசியில் சுதந்திரம் வந்தது. இனி யாரும் பேசலாம்; கையை உலர்த்திக்கொள்வது அவரவர் பொறுப்பு. உரிமைகளை வாசித்து முடிப்பதற்குள் அறுபது குடம் தீர்ந்தது.

காத்தாயிக்கு இப்போது முட்டி போய்விட்டது. ஏழு படி உடைந்துபோன கிணற்றில் மகள் வேம்புதான் இறங்குகிறாள், எட்டு மாத வயிற்றோடு. மேலே நின்று குடம் வாங்கும் காத்தாயி கையைச் சேலையில் துடைத்தாள். சேலையும் ஈரம்.

வேம்பு குடத்தை இறக்கிவைத்தாள். தன் கை ஈரம் விரல்களில் படாமல் அம்மாவின் முழங்கைகளைப் பிடித்துக்கொண்டு விரல் விரலாக ஊதினாள்.

"என்னடி, பச்சப்புள்ளைக்கு ஊதுற மாதிரி?"

"சும்மா இரும்மா. உன் கை காஞ்சு நான் பாத்ததே இல்ல."

காத்தாயி உள்ளே போனாள். மன்றம் கைதட்டியது. தலைவருக்குக் கண் கலங்கியது. "பார்த்தீர்களா, சுதந்திரம்! தாராளமாகப் பேசம்மா. அதற்கு முன் எங்களுக்குக் கொஞ்சம் தண்ணீர்."

"ஊத்துனா கை நனைஞ்சிரும் ஐயா. அப்புறம் பேச முடியாது. உங்க சட்டந்தானே?"

"அப்படியானால் வேறு யாராவது..." தலைவர் சுற்றிலும் பார்த்தார். உலர்ந்த கைகளெல்லாம் மடிக்குள் ஒடுங்கின. குடத்தைத் தொட்டவர் பேச முடியாது.

தொண்டை வறண்டு, மன்றம் முதன்முறையாக வாய் மூடியிருந்தது.

"ஏழு படிங்க" என்று ஆரம்பித்தாள் காத்தாயி.