கண்ணைத் திறக்காதீர்கள்

யாராவது ஒரு விதி சொன்னால் அதை எழுத்து மாறாமல் கடைப்பிடிக்கிற வியாதி எனக்கு உண்டு. பள்ளிக்கூட குரூப் போட்டோவின்போது, "அசையாதீங்க" என்று சொன்னவர் டீ குடிக்கப் போன பிறகும் அசையாமல் நின்றது நான் மட்டும்தான். இந்த வியாதியோடு தியானம் கற்கப் போயிருக்கக் கூடாது.

கவின் அப்போது கைக்குழந்தை. அவன் தூங்கினால் மூக்கடியில் விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். வந்தால், ஏன் இவ்வளவு வேகமாக வருகிறது என்று பயப்படுவேன். குழந்தை டாக்டர் ஒருநாள் சலித்துப்போய், "புள்ளைக்கு ஒண்ணுமில்லம்மா. நீங்க தியானம் எதாச்சும் பண்ணிப் பாருங்க" என்றார். டாக்டரே சொல்லிவிட்டாரே. போனில் ஒரு ஆப் இறக்கினேன். மாமியாரிடம் சொல்லவில்லை (சிரிப்பார் என்று பயம்).

ஆப்பில் ஒரு பெண்குரல் மெதுவாகப் பேசும். "எந்தச் சத்தமும் கேட்கட்டும். எந்த வாசனையும் வரட்டும். கண்ணைத் திறக்காதீர்கள்."

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு திருக்கோகர்ணத்தில் எங்கள் தெரு செத்துப் போனதுபோல் இருக்கும். தலைக்குக் குளித்த ஈரமுடியை விரித்துப் போட்டு, காதில் இயர்பட்ஸ் செருகி, தொட்டிலுக்கு எதிரே உட்கார்ந்தேன். குரல் சொன்னபடி "ஹ்ஹா" என்று வாயால் மூச்சை விட்டேன். பிறகு குரலும் அடங்கிவிட்டது.

யாரோ "இந்து, இந்து" என்று என் பெயரைக் கூப்பிட்டதுபோல் இருந்தது. கேட்கட்டும். கவின் சிணுங்கினான். கேட்கட்டும் (எப்படித்தான் இருந்தேனோ). சிணுங்கல் சட்டென்று அறுந்தது. தொட்டில் கம்பி மட்டும் கிரீச், கிரீச்சென்றது. என் முகத்துக்கு வெகு அருகில் ஒரு மூச்சு. என்னுடையது இல்லை; நான் அப்போது உள்ளே இழுத்துக்கொண்டிருந்தேன். முதுகு சில்லிட்டது. கற்பூர வாசனை வந்தது. நெற்றியில் ஏதோ படிந்தது. அதற்குள் இவ்வளவு முன்னேற்றமா என்று கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

எங்கோ தூரத்திலிருந்து ஒரு கேள்வி. "யாரு நீ?"

உள்ளிருந்து வருவதாகவே நினைத்தேன். யோசித்தேன். உண்மையிலேயே பிடிபடவில்லை.

"தெரியல."

"என்ன வேணும் ஒனக்கு?"

அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. "புள்ள வேணும்."

தடதடவென்று காலடிகள். வெளியே தாழ்ப்பாள் விழுந்த சத்தம். அப்போதுதான் விதியை மீறினேன். தரையில் ஒரு தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே குழந்தை இல்லை.

இயர்பட்ஸைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கதவில் அறைந்தேன். "எம் புள்ளையக் குடுங்க." (அந்த நேரத்தில் அதைவிட மோசமான வாக்கியம் கிடையாது என்று பிறகுதான் புரிந்தது.)

"செல்வி, புள்ளையத் தூக்கிக்கிட்டு அங்கிட்டுப் போ." வெளியே மாமியாரின் குரல் நடுங்கியது.

"சாமியா இருக்கப் போவுது பெரியம்மா. மரியாதையாக் கேளுங்க." இது பக்கத்து வீட்டுச் செல்வியக்கா.

"சாமின்னா ஆடும்லடி. இது தலவிரிகோலமா உக்காந்து ஊதிக்கிட்டுல்ல இருந்துச்சு."

"அத்தை, நான் இந்து."

"அதுவும் அப்படித்தேன் சொல்லும்."

அப்போது கவின் இருமினான். எனக்கு வேறெல்லாம் மறந்துபோனது. "அத்தை, இருமுறான். ஃபேனுக்கு நேரா வச்சிருக்கீங்களா? சாய்ச்சுப் பிடிங்க. செல்வியக்கா கையக் கழுவுனாங்களா? நெத்தியத் தொட்டுப் பாருங்க, சுடுதா? காலைல ஒருதரம்தான் வெளிக்கிப் போனான் அத்தை, அது கம்மியா?"

வெளியே ஃபேனை அணைக்கிற சத்தம் கேட்டது.

"கதவத் தெற செல்வி," என்றார் மாமியார். "இது நம்ம இந்துதேன். பேயி இம்புட்டுக் கவலப்படாது."

என் கணவர் இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லாத கல்யாண வீடு எங்கள் சொந்தத்தில் இல்லை. எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள், மாமியாரைத் தவிர. "புள்ள வேணும்" என்று சொல்வதற்கு முன் நான் சிரித்தேனாம். நான் சிரிக்கவே இல்லை. "சிரிச்சே. அது ஒஞ் சிரிப்பு இல்ல," என்பார் மாமியார். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசமாட்டார்.

கவினுக்கு இப்போது பேச்சு வந்துவிட்டது. அலுப்பில் நான் சோபாவில் கண்ணை மூடினால் போதும், மேலே ஏறி என் இமையை விரலால் தூக்கிப் பார்த்து, "உள்ள யாரு?" என்பான். அவன் அப்பா சொல்லிக் கொடுத்தது.

"அம்மாதான்டா," என்பேன். உடனே நம்பிவிடுவான். நான்தான் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொல்கிறேன்.