எண்ணொலிச் சித்தரும் எட்டாங்கணக்கும்

கூரத்திலிருந்து வேன் வந்தது. தென்னேரியிலிருந்து டிராக்டர் வந்தது. கல்யாணமே இல்லாமல் காஞ்சிபுரத்துக் கல்யாண மண்டபத்தில் பந்தி நடந்தது. எல்லாம் எண்ணொலிச் சித்தருக்காக. நாம் மறைக்கும் எண் அவர் காதில் வந்து பேசுமாம்! அவ்வளவு கூர்மையான காதுக்கு, வாசலில் செருப்புத் திருடுபோன சத்தம் மட்டும் கேட்கவில்லை.

வரிசையில் முதலில் நின்ற முட்டாள் யார்? அடியேன்தான். வீரபத்திரன், எம்.எஸ்சி., கணித ஆசிரியர்.

"செல் நம்பர்ல கடைசி நாலு எண்ணை எழுதுப்பா. அதையே கலைச்சுப் போடு. பெரிசுல சின்னதைக் கழி. விடையில ஒரு எண்ணை மறைச்சுட்டு மத்ததைச் சொல்லு" என்றார் சித்தர்.

என் எண் 7351. கலைத்தேன், 1573. கழித்தேன், 5778. எட்டை மறைத்துக்கொண்டு, "அஞ்சு, ஏழு, ஏழு சாமி" என்றேன்.

கண்ணை மூடினார். "எட்டு! உன் வீட்டுல சனி உக்காந்துக்கினு இருக்குது. யாருக்கோ ஆபரேஷனா? கத்தி படக்கூடாது. தாயத்து கட்டு."

எனக்குப் புல்லரித்தது. என் அக்குளில் ஸ்கேன் கவர் இருந்தது ஊருக்கே தெரிந்தது, எனக்குத்தான் தெரியவில்லை.

மனைவி மங்கையர்க்கரசிக்குப் பித்தப்பையில் கல். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்கே போனேன்.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தவள் எழுந்து உட்கார்ந்தாள். "வலி எனக்கு, பயம் உங்களுக்கா? இன்னா பண்ணாரு அந்த ஆளு, சொல்லுங்க." சொன்னேன். அவள் பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் பாடம் எடுப்பவள். கேட்டுவிட்டுச் சிரித்தாள், சிரித்ததில் வலி கூடியது.

மறுநாள் காலையில் மண்டபத்தில் அவள் கேட்டாள்: "சாமி, நான் எப்படி எண்ணினாலும் மறைச்சது உங்களுக்குக் கேக்குமா?"

"எண்ணே பேசுதும்மா. எனக்குக் கணக்கு எதுக்கு?" என்றார். கைதட்டல்.

அவள் தாளில் எழுதி, கலைத்து, கழித்து, மடித்து என்னிடம் கொடுத்துவிட்டுச் சித்தரிடம் சொன்னாள்: "அஞ்சு, ஒண்ணு, அஞ்சு."

"ஏழு!" என்றார் சித்தர்.

தாளைப் பிரித்தேன். அவள் மறைத்தது மூன்று.

"கழிச்சது தப்பு!" என்று குதித்தார்.

"கணக்கு எதுக்குன்னு நீங்கதானே கேட்டீங்க?"

கூட்டம் சிரித்தது. அவள் மைக்கை வாங்கினாள். "நாம பத்து பத்தா எண்றோம். எண்ணைக் கலைச்சுக் கழிச்சா, விடையில இருக்கிற எண்களோட கூட்டல் எப்பவும் ஒன்பதின் மடங்குதான். அடுத்த மடங்குக்கு எவ்வளவு குறையுதோ அதான் மறைச்ச எண். காதே வேணாம். நான் எட்டு எட்டா எண்ணிக் கழிச்சேன். அதுல ஏழுக்கு மேல எண்ணே கிடையாது, எட்டை ஒண்ணு, சைபர்னு எழுதணும். பத்துக்கு ஒன்பது மாதிரி எட்டுக்கு ஏழு, கூட்டினா ஏழின் மடங்கு வரும். அஞ்சும் ஒண்ணும் அஞ்சும் பதினொண்ணு, பதினாலுக்கு மூணு குறையுது. சாமி பழக்கதோஷத்துல பதினெட்டுக்குக் குறையறதைச் சொல்லிட்டாரு."

ஒன்பதின் மடங்கை வகுப்பில் நான் கரும்பலகை நிறைய எழுதியிருக்கிறேன். வீட்டுக்கு வரும்போது அதைக் கரும்பலகையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன் போல.

"இப்ப யார் வேணா மறைங்க, நான் சொல்றேன்" என்றாள். நாலைந்து பேர் மறைத்ததைச் சரியாகச் சொன்னாள். உடனே துர்காதேவி என்றொரு அம்மாள் அவள் காலில் விழுந்தாள். "தாயே, உனக்கும் கேக்குதா?"

"எழுந்திரும்மா! இவ்வளவு நேரம் நான் இன்னா சொல்லிக்கினு இருந்தேன்?"

இந்த இடைவெளியில் சித்தர் பின்வாசல் வழியாக நழுவி, வேனில் ஏறிவிட்டார்.

அந்த வாரமே ஆபரேஷன் நடந்தது. மங்கையர்க்கரசி இப்போது மிளகாய்ப் பொடி தூவி மாங்காய் தின்கிறாள். சித்தர் வாலாஜாபாத்தில் புதுப் பெயரில் இருக்கிறாராம்; கூட்டம் தாங்கவில்லையாம். போகிறவர்களே, என்னைப் போன்ற படித்த முட்டாள் சொல்கிறேன்: தலை மொட்டை போட மட்டும் முளைத்ததல்ல, யோசிக்கவும் அதே தலைதான்.