முயல் வீட்டுக் கிலுகிலுப்பை

ஒரு காட்டில், இருட்டிய பிறகு, ஒரு சத்தம் கேட்டது.

கிலுக். கிலுக் கிலுக்.

காடே மூச்சைப் பிடித்துக்கொண்டது. தீப்பெட்டியைக் குலுக்கினால்தான் அப்படிக் கேட்கும் என்று முட்டைக்குள் இருக்கிற குஞ்சுக்குக்கூடத் தெரியும். அதுவோ பங்குனி மாதம். புல்லெல்லாம் அப்பளம்போல் காய்ந்து கிடந்தது. ஒரே ஒரு குச்சி போதும், மொத்தக் காடும் சாம்பல்.

அந்தக் காட்டில் தீப்பெட்டி வைத்துக்கொள்ள ஐந்து பேருக்குத்தான் அனுமதி. யானை, புலி, கரடி, காட்டெருமை, ஓநாய். அனுமதி கொடுத்தது யார் என்றால், யானை, புலி, கரடி, காட்டெருமை, ஓநாய். மற்றவர்கள் தங்களிடம் பெட்டி இல்லை என்பதற்கு அடையாளமாக வீட்டுக் கதவை ராப்பகலாகத் தாழிடாமல் வைத்திருக்க வேண்டும். சோதனைக்கு வருகிறவர்கள் தட்டிக்கொண்டு நிற்க மாட்டார்கள்.

சத்தம் வந்தது பவுலின் என்ற முயலின் வளையிலிருந்து. அவளுக்குப் பிறந்து இருபது நாளான ஒரு குட்டி இருந்தது. பேர் சொப்பு. கிலுகிலுப்பைச் செடியின் விதைகளைக் காலித் தீப்பெட்டி ஒன்றில் போட்டு ஆட்டினால்தான் சொப்பு அழுகையை நிறுத்தும். பவுலின் இருபது நாளாகக் கண்ணை மூடவில்லை. இலை விழுந்தால் ஓநாய், காற்றடித்தால் புலி. ஒரே ஒரு ராத்திரி தாழ்ப்பாள் போட்டுத் தூங்க வேண்டும். அவள் ஆசை அவ்வளவுதான்.

விடிந்ததும் ஆய்வாளர் நாரை மிஸ் வந்தாள். வெள்ளை உடுப்பு, கழுத்தில் விசில், இறக்கைக்கடியில் பதிவேடு. சத்தத்தை ஒப்பிட்டுப் பார்க்கப் புலியின் பெட்டியை இரவல் வாங்கி வந்திருந்தாள். இரண்டும் ஒரே அளவு, ஒரே சிவப்பு.

"எழுந்து நில்லு. நகத்தைக் காட்டு. ராத்திரி குலுக்கினது யாரு?"

"குழந்தையோட விளையாட்டுச் சாமான், மிஸ். உள்ள வெறும் விதை. திறந்து பாருங்களேன்."

நாரை மிஸ் திறந்து பார்த்தாள். "விதைதான். கொட்டிட்டா?"

"காலிப் பெட்டி, மிஸ்."

"காலிப் பெட்டியில குச்சி அடுக்கினா?"

"என்கிட்டதான் குச்சி இல்லையே!"

"இல்லாத குச்சியை இத்தனை நாள் எங்க ஒளிச்சு வெச்சிருந்தே? ஏழாம் படிவத்துல எழுதிக் கொடு. மூணு பிரதி. அடித்தல் திருத்தல் இருக்கக் கூடாது."

பக்கத்து வளை முள்ளம்பன்றி சவரி தலையை நீட்டினார். "அவ வீடு, அவ இஷ்டம். உள்ள என்ன இருக்குன்னு கேக்க நீங்க யாரு? ஒவ்வொரு வளையும் தனி ராஜ்யம்னு உங்க சட்டப் புத்தகத்துலயே முதல் வரியில போட்டிருக்கே!"

"ரெண்டாவது வரி படிச்சீங்களா?"

"என்ன போட்டிருக்கு?"

"முதல் வரியை உரக்கப் படிக்கக் கூடாதுன்னு."

அந்த நேரம் பார்த்துச் சொப்பு வீறிட்டது. நாரை மிஸ்ஸுக்குக் குழந்தை அழுகை ஆகாது. வாயில் விரல் வைக்கச் சொன்னாள். சொப்பு கால் விரலை வைத்துக்கொண்டு அழுதது. விசில் ஊதினாள். அழுகை இரண்டு மடங்கானது. "சரி, சரி! அழுகை நிறுத்தம் என்ற அமைதிப் பயன்பாட்டுக்கு மட்டும் அனுமதி!" என்று பதிவேட்டில் கிறுக்கி, ஒரு பெட்டியைச் சொப்புவின் கையில் திணித்து, மற்றதை எடுத்துக்கொண்டு பறந்தே போனாள்.

மத்தியானம் சொப்பு குலுக்கிய குலுக்கலில் பெட்டியிலிருந்து ஒன்று கீழே விழுந்தது. விதை இல்லை. குச்சி. சிவப்புத் தலை.

பவுலினுக்குக் காது இரண்டும் ஜில்லிட்டுப்போனது. பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு, சொப்புவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, திருப்பிக் கொடுத்துவிட ஓடினாள். பேரவைத் திடலில் ஐவரும் இருந்தார்கள். அவர்களை மொத்தமாகப் பார்த்ததும் அவள் கை நடுங்கியது. கை நடுங்க, பெட்டி கிலுகிலுத்தது.

யானை எழுந்து நின்றது. கரடி தன் நாற்காலியைத் துடைத்துப் போட்டது. "வாங்கம்மா, ஏன் நிக்கிறீங்க? உட்காருங்க" என்றது காட்டெருமை. பவுலினை யாரும் அதுவரை வாங்க, உட்காருங்க என்று சொன்னதேயில்லை.

"இது வந்து... காலையில மாறி..." என்று ஆரம்பித்தாள்.

புலி ஒரே தாவலில் வந்து அவள் காதில் குனிந்தது. "தங்கச்சி, மெதுவா! திறந்து பாத்துட்டேன், என்கிட்ட இருக்கறது விதை. ஆனா குலுக்கினா அதே சத்தம், ஒருத்தனும் கண்டுபிடிக்கல. நீ திருப்பிக் கொடுத்தா எப்படி மாறிச்சுன்னு கேப்பாங்க, என் மானம் போயிடும். பேசாம நீயே வெச்சுக்க... வெச்சுக்குங்க."

பிறகு உரக்க, "இன்று முதல் நமது பவுலின் அம்மையாரும் பொறுப்புள்ள வல்லரசு!" என்றது. ஐவரும் கை தட்டினார்கள்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு கேக்கணும்," என்றாள் பவுலின். "இனிமே என் வீட்டுக் கதவைத் தாழ் போட்டுக்கலாமா?"

"உங்க வீடு, உங்க கதவு! யாரு கேக்கறது?" என்று ஐவரும் ஒரே குரலில் கோபப்பட்டார்கள்.

வீட்டு வாசலில் சவரி அண்ணன் சந்தோஷத்தில் முள்ளெல்லாம் கலகலக்க நின்றிருந்தார். "ஜெயிச்சுட்டே தங்கச்சி! எனக்கும் ஒரு பெட்டிக்கு வழி சொல்லு. என் வீட்லயும் மூணு குட்டி இருக்கு. நானும் கதவைச் சாத்தித் தூங்கணும்ல?"

பவுலின் இரண்டு வளைக்கும் நடுவே காய்ந்து கிடந்த புல்லைப் பார்த்தாள். சொப்புவைப் பார்த்தாள்.

"உங்களுக்கு எதுக்குண்ணே அதெல்லாம்? பச்சைப் புள்ள இருக்கற இடம்."

"அட! அவ வீடு, அவ இஷ்டம்னு காலையில உனக்காகக் கத்தினது யாரு?"

"முதல் வரியை உரக்கப் படிக்காதீங்கண்ணே. சாயங்காலம் மிஸ்ஸைச் சோதனைக்கு வரச் சொல்றேன். கதவைத் திறந்தே வைங்க."

உள்ளே போனதும் சொப்பு அழத் தொடங்கியது. விதைப் பெட்டி இப்போது புலியிடம். வேறு வழியில்லாமல் பவுலின் இதையே ஆட்டினாள், மெல்ல, ஒரு குச்சிகூட உரசிவிடாமல். கிலுக். கிலுக் கிலுக். சொப்பு சிரித்தது. ஆட்டிக்கொண்டே, இன்னொரு கையால், இத்தனை காலமாகத் துருவேறிக் கிடந்த தாழ்ப்பாளை உள்பக்கமாக இழுத்துப் போட்டாள்.

நீதி: தீப்பெட்டி கெட்டவர்கள் கையில் போய்ச் சேரக் கூடாது. கெட்டவர்கள் யாரென்றால், இன்னும் யார் கைக்கு அது போய்ச் சேரவில்லையோ, அவர்கள்.